சீலைப்பெட்டியும் ஒப்பாரியும்

ரொம்ப நாளாக எழுத நினைத்து, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. பி.காம் படிக்கிற பெண்ணுக்கு ஒப்பாரியில் என்ன வேலை என்று வகுப்பில் யாரும் சிரிக்க வேண்டாம். இதுவும் கணக்குத்தான். பேரேட்டில் எழுதாத கணக்கு.

எங்கள் வீட்டில் ஒரு பனையோலைப் பெட்டி இருக்கிறது. வருஷம் முழுக்கப் பரண் மேல் மஞ்சள் துணி சுற்றிக் கிடக்கும். நாங்கள் யாரும் தொடக்கூடாது. மாசி சிவராத்திரிக்குத்தான் கீழே இறங்கும். பெரியப்பா குளித்து, ஈரவேட்டியோடு எடுத்துத் தலையில் வைத்துக்கொள்வார். ஒத்தக்கடையிலிருந்து வேன் பிடித்துத் திருமங்கலம் பக்கம் இருக்கிற குலசாமி கோயிலுக்குப் போவோம். உள்ளே ஒரு சீலை, கண்ணாடி வளையல், சின்ன முகம் பார்க்கிற கண்ணாடி, சீப்பு, மஞ்சள் கிழங்கு. அவ்வளவுதான். பழைய சீலையை எடுத்துவிட்டுப் புதுச் சீலை வைப்பார்கள். உடுக்கை அடிப்பார்கள். பெரியப்பாவுக்கு அருள் வரும். "நான் இருக்கேன், பிள்ளைகளைப் பாத்துக்கிறேன்" என்று சொல்வார். நான் பார்த்த பதினைந்து சிவராத்திரியிலும் இதே வார்த்தைதான், ஒரு சொல் கூட மாறியதில்லை.

மதுரை, தேனி, விருதுநகர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சீலைக்காரி என்போம். குடும்பத்தில் காலம் வருமுன் இறந்துபோன ஒரு பெண், சாமியாகிவிட்டவள். வடதமிழ்நாட்டில் பூவாடைக்காரி என்று ஒரு வழிபாடு உண்டு, அதுவும் இந்த மாதிரிதான். கல்யாணத்துக்கு முன்னால் இறந்தவர்களை உடுக்கை அடித்து வீட்டுக்கு அழைப்பார்கள்.

எட்டாவது படிக்கும்போது அப்பாவிடம் கேட்டேன், யாருப்பா இந்தச் சீலைக்காரி என்று.

"தாத்தாவோட தங்கச்சி. சின்ன வயசுல கிணத்துல தவறி விழுந்துட்டாங்க. தெய்வமாயிட்டாங்க."

"பேரு என்னப்பா?"

"அதெல்லாம் யாருக்குத் தெரியும். சீலைக்காரின்னுதான் கும்பிடுறோம்."

இது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அறுபது வருஷத்துக்கும் மேலாக, ஒரு வருஷம் கூட விடாமல், ஒரு பெண்ணுக்குச் சீலை எடுத்துக் கொடுத்திருக்கிறோம். அவள் பெயர் தெரியாது.

இப்போது எங்கள் ஊர் வரலாற்றுக்குக் கொஞ்சம் போய்விட்டு வருகிறேன், சம்பந்தம் இருக்கிறது. ஒத்தக்கடை என்றால் பஸ்ஸில் போகிறவர்களுக்கு யானைமலைதான் தெரியும். அதன் அடியில் நரசிங்கம் குடைவரைக் கோயில் இருக்கிறது. அங்கே வட்டெழுத்திலும் கிரந்தத்திலும் கல்வெட்டுகள் உண்டு. கலியுக ஆண்டு 3871, அதாவது கி.பி. 770. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சராக இருந்த மாறன் காரி என்பவர் மலையைக் குடைந்து இந்தக் கோயிலை எடுக்கிறார். குடமுழுக்குக்கு முன்னாலேயே இறந்துபோகிறார். அவருக்குப் பிறகு அதே பதவிக்கு வந்த தம்பி மாறன் எயினன், முகமண்டபம் கட்டி, நீர் தெளித்து, அண்ணன் பாதியில் விட்டதை முடிக்கிறார்.

எனக்கு ரொம்பப் பிடித்த கல்வெட்டு இது. தானக் கணக்கும் வரிக் கணக்குமாக இருக்கிற கல்வெட்டுகளுக்கு நடுவில், ஒரு தம்பி அண்ணனுக்காகச் செய்த கடைசிக் காரியம் மாதிரி இருக்கிறது. கல் மட்டும் போதாது, அதன் மேல் ஒருவர் நீர் தெளிக்க வேண்டும் என்பதும் இதில் தெரிகிறது. தொல்காப்பியம் நடுகல்லுக்குச் சொல்கிற படிநிலைகளிலும் இது வருகிறது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. மூன்றாவது நீர்ப்படை. சிலப்பதிகாரத்தில் கண்ணகிக்குக் கல் எடுக்கும் வஞ்சிக் காண்டத்துக் காதைகளின் பெயர்களும் கிட்டத்தட்ட இவைதான். 2006ல் ஆண்டிபட்டிப் பக்கம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டுபிடித்த நடுகற்களில் தமிழி எழுத்தே இருக்கிறது. அதில் ஒன்று ஆகோள் சண்டையில், அதாவது மாடு கவரும் சண்டையில், இறந்தவனுடையது. கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய காலம். அவன் பெயர் இன்றும் படிக்கக் கிடைக்கிறது.

சரி. மாடு பிடிக்கப் போய்ச் செத்தவன் பெயர் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் நிற்கிறது. கோயில் கட்டிய அண்ணன் தம்பி பெயர் 1250 வருஷமாக நிற்கிறது. எங்கள் வீட்டுப் பெண்ணின் பெயர் ஒரு தலைமுறை கூடத் தாண்டவில்லை. அவளுக்குக் கல் இல்லை, சீலைதான். சீலை நைந்துபோகும், வருஷா வருஷம் மாற்ற வேண்டும். இந்த மாற்றுதல்தான் அவளை இத்தனை நாள் வைத்திருக்கிறது, இல்லையென்றால் எப்போதோ மறந்திருப்போம். ஆனால் மாற்றி மாற்றி வைத்ததில் எது தங்கியது, எது போனது?

இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது ஒரு கேதத்தில். எங்கள் தெருவில் ஒரு பாட்டி இறந்துபோனார். கேதத்துக்கு அப்பத்தாவை நான்தான் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். அப்பத்தாவுக்கு அப்போது எண்பது தாண்டிவிட்டது, காது மந்தம். ஆனால் வாசலில் காலை வைத்ததும் வேறு ஆளாகிவிட்டது. உட்கார்ந்திருந்த பெண்கள் வட்டத்தில் இடம் விட்டார்கள். ஆளுக்கு ஆள் தோளில் கை போட்டு, தலையோடு தலை சேர்த்து, முன்னும் பின்னுமாக ஆடி, ஒருவர் அடி எடுக்க மற்றவர்கள் கடைசி இழுவையில் சேர்ந்துகொள்ள... நீங்கள் பார்த்திருப்பீர்கள். நானும் நூறு தடவை பார்த்திருக்கிறேன். அன்றுதான் காது கொடுத்துக் கேட்டேன்.

கேட்டால், இறந்த பாட்டியைப் பற்றி முதல் இரண்டு அடிதான். அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியும் தன் கதைக்குப் போய்விடுகிறாள். ஒருத்தி சீர் கொண்டுவராத அண்ணனைப் பற்றி. ஒருத்தி வெளிநாடு போய்த் திரும்பாத மகனைப் பற்றி. மெட்டு ஒன்று, இழுவை ஒன்று, ஆள் ஆளுக்குக் கணக்கு வேறு. வெளியே ஆண்கள் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் அழுகிறார்கள் என்பதுதான் அவர்களுக்குக் கேட்கிறது. என்ன சொல்லி அழுகிறார்கள் என்று யாரும் கவனிப்பதில்லை. ஒப்பாரியின் பலமே அதுதான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. மாமியார் பக்கத்தில் இருக்கும்போதே மாமியாரைப் பற்றிச் சொல்லலாம், யாரும் கேட்க முடியாது. சாவு வீட்டில் அழுதவளோடு சண்டைக்குப் போக முடியுமா?

இதைப் பற்றி இசபெல் கிளார்க்-டெசெஸ் என்ற மானுடவியலாளர் 2005ல் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். தமிழ்நாட்டில் தங்கி ஆராய்ச்சி செய்தவர். இறந்தவர்களுக்காக யாரும் அழுவதில்லை என்பதுதான் அந்தப் புத்தகத்தின் தலைப்பு. கொஞ்சம் மிகைதான், ஆனால் ஒப்பாரி பாடும் பெண்கள் தங்களுக்காகவே அழுகிறார்கள் என்பதை அவர் அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதியிருக்கிறார். என் அப்பத்தாவிடம் சொன்னேன். "இதக் கண்டுபிடிக்க வெள்ளக்காரி வரணுமாக்கும்" என்றது :-)

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தப்பு. ஒப்பாரி வீட்டுப் பெண்களிடம் மட்டும் இருந்ததில்லை. அடுத்தவர் வீட்டுச் சாவுக்குப் போய் அழுவதும் பறை அடிப்பதும் தலித் மக்கள் மேல் சாதியால் சுமத்தப்பட்ட வேலையாக இருந்தது. அது வேண்டாம் என்று பறையைக் கீழே வைத்தவர்கள் பல ஊர்களில் அடி வாங்கியிருக்கிறார்கள். நாட்டுப்புறக் கலை அழிகிறதே என்று வருத்தப்படுகிற கட்டுரைகளில் இந்த வரி பெரும்பாலும் இருக்காது.

ஒப்பாரி வரலாறு ஆகுமா என்று கேட்பவர்கள் மேலூர், சிங்கம்புணரி வழியாகப் பிரான்மலைக்கு ஒரு நடை போய் வரலாம். அதுதான் பாரியின் பறம்பு மலை என்பார்கள். மூவேந்தர்கள் சேர்ந்து பாரியைக் கொன்று மலையைப் பிடித்த கதை நமக்கு எப்படித் தெரியும்? வென்றவர்கள் யாரும் கல்லில் வெட்டி வைக்கவில்லை. பாரியின் மகள்கள் பாடிய சின்னப் பாட்டு புறநானூற்றில் 112வது பாட்டாக இருக்கிறது. போன நிலவில் அப்பா இருந்தார், மலை இருந்தது, இந்த நிலவில் இரண்டும் இல்லை, இவ்வளவுதான் விஷயம். நிலா திரும்ப வருகிறது, வரும்போதெல்லாம் இல்லாததைக் காட்டுகிறது. துறை கையறுநிலை. பள்ளியில் மனப்பாடப் பகுதியாகப் படித்தபோது இது இரண்டு பெண்பிள்ளைகள் அப்பாவுக்கு வைத்த ஒப்பாரி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக மனப்பாடம் ஆகியிருக்கும்.

காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் இன்னொரு வழக்கம் உண்டு. கருமாதி இரவில் கூத்து வைப்பார்கள். அந்த இரவுக்கென்றே உள்ள கூத்து கர்ண மோட்சம். புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கும் நாடகம் அது. ஹன்னே டி புருயின் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1998ல் புதுச்சேரியில் வெளியிட்டார். போருக்குப் போகிற கர்ணனை மனைவி பொன்னுருவி பிறப்பைச் சொல்லி இழிவுபடுத்துவாள். விடிகிற நேரத்தில் கர்ணன் விழுவான். குந்தி ஓடி வந்து அவனை மடியில் போட்டு, மகனே என்று கதறுவாள்.

இந்த இடத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். குந்தி வாழ்நாள் முழுக்க மறைத்த குடும்ப ரகசியம் வெளியே வருவது ஒப்பாரியில்தான். வியாச பாரதத்தில் இது வேறு மாதிரி. போர் முடிந்து இறந்தவர்களுக்கு நீர்க்கடன் செய்யும்போது, கர்ணனுக்கும் நீர் விடு, அவன் உன் அண்ணன் என்று தருமனிடம் சொல்வாள். தமிழில் அவள் களத்திலேயே அழுகிறாள், எல்லோரும் கேட்கும்படி. எந்தக் கதை நம் ஊர்ப் பெண்களுக்குச் சரியாகப் பட்டது என்பது இதிலேயே தெரிகிறது. கூத்து பார்க்கிற சாவு வீட்டுக்காரர்கள் அந்தக் கட்டத்தில் யாருக்காக அழுவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பதினாறு நாள் ஆண்பிள்ளை அழக்கூடாது என்று இறுக்கிக்கொண்டிருந்த மகன்கூட, கர்ணனுக்காக அழுதால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

கல்லூரியில் ஒரு தோழி, நீ சொல்வதெல்லாம் வெளிநாட்டில் பெரிய கலை தெரியுமா என்று மரீனா அப்ரமோவிச்சைப் பற்றிச் சொன்னாள். பெல்கிரேடில் பிறந்தவர். 1997ல் வெனிஸ் கலைக் கண்காட்சியில், ஒரு நிலவறை மாதிரியான அறையில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாட்டு எலும்புகளின் மேல் வெள்ளை உடையோடு உட்கார்ந்து, ஒவ்வொரு எலும்பாக ரத்தத்தையும் தசையையும் தேய்த்துக் கழுவினார். நான்கு நாள், தினமும் மணிக்கணக்காக. கழுவிக்கொண்டே சின்ன வயதில் கேட்ட நாட்டுப் பாடல்களைப் பாடினார், அழுதார். சுவரில் அவர் அப்பாவும் அம்மாவும் வீடியோவில் தெரிந்தார்கள். இருவரும் இரண்டாம் உலகப் போரில் சண்டை போட்டவர்கள். யூகோஸ்லாவியா உடைந்து ஒருவரை ஒருவர் கொன்று தீர்த்த காலம் அது. பால்கன் பரோக் என்று பெயர் வைத்த அந்த நிகழ்வுக்குத் தங்கச் சிங்கம் விருது கொடுத்தார்கள்.

படித்துவிட்டு எனக்கு முதலில் கொஞ்சம் கோபம் வந்தது. எங்கள் தெருப் பெண்களுக்கு யார் சிங்கம் கொடுத்தார்கள்? பிறகு யோசித்ததில் வித்தியாசம் புரிந்தது. அவர் தனியாக உட்கார்ந்தார், எத்தனை கழுவினாலும் ரத்தம் போகாது என்று காட்டுவதற்காகக் கழுவினார். ஒப்பாரியில் யாரும் தனியாக உட்கார முடியாது. தோளில் கை போட இன்னொருத்தி வேண்டும். மற்றபடி வேலை ஒன்றுதான். செய்ததையே திரும்பத் திரும்பச் செய்து, வாயால் நேராகச் சொல்ல முடியாததை உடம்பால் வெளியே கொண்டுவருவது.

2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாக்கள் தெருவோரம் பந்தல் போட்டுப் பிள்ளைகளின் போட்டோவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வருஷக்கணக்கில் அந்தப் போராட்டம் தொடர்ந்தது. அவர்கள் பிள்ளைகளுக்குக் கருமாதி செய்ய முடியாது, செய்தால் இறந்துவிட்டதாக ஒப்புக்கொண்டது ஆகிவிடும். அதனால் போட்டோவைத் தினமும் எடுத்து நிமிர்த்திப் பிடிப்பதே அவர்களுடைய சடங்காகிவிட்டது. பதில் சொல்லுங்கள் என்று அரசாங்கத்தைக் கேட்கிற சடங்கு.

எங்கள் வீட்டுக்கு வருகிறேன். கேதம் முடிந்து வந்த அன்று அப்பத்தாவிடம் கேட்டேன், சீலைக்காரிக்கு நீ ஒப்பாரி வச்சிருக்கியா என்று. கொஞ்ச நேரம் பேசவில்லை. "வச்சேன்" என்றது. பாடிக்காட்டு என்றேன். "ஏ கூறுகெட்டவளே, சாவு விழாத வீட்டுல ஒப்பாரி பாடச் சொல்றியா" என்று திட்டியது. நியாயம்தான். வீட்டுக்குள் ஒப்பாரிப் பாட்டு பாடினால் சாவு வரும் என்பார்கள். விடாமல் நச்சரித்ததில் நாலாவது நாள் இறங்கி வந்தது. நரசிங்கம் கோயிலுக்குக் கூட்டிப்போகிற சாக்கில் ஆட்டோ பிடித்து, கோயில் எல்லை தாண்டி, மலையடிவாரத்தில் ஆள் இல்லாத ஒரு வேப்ப மரத்தடிக்குப் போனோம்.

போனில் ரெக்கார்டிங் போட்டேன். அப்பத்தா வாயைத் திறந்தது, வரவில்லை. திரும்ப ஒரு தடவை. வரவில்லை. "சும்மா எப்பிடித்தா வரும், இங்கிட்டு வா" என்று என்னை இழுத்து உட்காரவைத்து, என் தோளில் கையைப் போட்டு, என் தலையில் தன் தலையை முட்டிக்கொண்டது. இரண்டு ஆட்டம் ஆடியதும் குரல் வந்துவிட்டது. பதினோரு நிமிடம். அதை இங்கே எழுத எனக்கு அனுமதி இல்லை, அதனால் விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

தவறி விழவில்லை. கட்டிக்கொடுத்த இடத்தில் அடி தாங்காமல் இரண்டு முறை அண்ணன் வீட்டுக்கு வந்திருக்கிறாள். இரண்டு முறையும் அண்ணன், அதாவது என் தாத்தா, திருப்பிக் கொண்டுபோய் விட்டிருக்கிறார். மூன்றாவது முறை வந்தபோது கதவைத் திறக்கவில்லை. அப்பத்தா உள்ளேதான் இருந்திருக்கிறது, கைக்குழந்தையோடு. இரண்டு பேருக்கும் ஒரே வயது. நாத்தனார் என்ற பேச்சே கிடையாது, கூட்டாளிகள் மாதிரி. திறக்கப் போன கையை யார் பிடித்தார்கள் என்பது வரை பாட்டில் இருக்கிறது. கிணறு வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்.

வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயில் இருக்கிறது. பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்து, அண்ணி மூளி அலங்காரி சோறு போடாமல் விரட்ட, பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்தவள். அந்தக் கதையில் அண்ணன் நல்லவன், அண்ணிதான் கெட்டவள். எங்கள் தெருவில் யாராவது இந்த விஷயத்தைப் பற்றிப் பேசியிருந்தால் பழி யார் மேல் விழுந்திருக்கும் என்று அப்பத்தாவுக்குத் தெரியும். அதனால்தான் ஒவ்வொரு கேதத்திலும், யார் செத்த வீடாக இருந்தாலும், தன் முறை வரும்போது இதைத்தான் பாடியிருக்கிறது. அறுபது வருஷமாக. ஊரே கேட்டிருக்கிறது, யாருக்கும் கேட்கவில்லை.

ஆக எங்கள் குடும்பம் ஒரே சாவுக்கு இரண்டு கணக்கு வைத்திருக்கிறது. ஆண்கள் வைத்த கணக்கு பெட்டியில் இருக்கிறது. அதில் அவள் தெய்வம், நம்மைக் காப்பாற்றுகிறவள், கோபமே இல்லாதவள். பெண்கள் வைத்த கணக்கில் அவள் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறாள். இரண்டுமே திரும்பத் திரும்பச் செய்ததால்தான் தங்கின. பெட்டியை எடுக்கப் பெரியப்பாவுக்கு அப்புறம் அண்ணன் இருக்கிறான். அப்பத்தாவின் பாட்டை எடுக்க ஆள் இல்லை. அம்மாவுக்கே ஒப்பாரி வராது, எனக்கு எங்கே வரும்.

பாடி முடித்துத் தண்ணீர் குடித்த பிறகு அப்பத்தாவிடம் பெயரைக் கேட்டேன். ஒப்பாரியில் பெயர் வராது, முறை சொல்லித்தான் அழுவார்கள். காதோடு சொன்னது. "எழுதிராத" என்றும் சொன்னது. எழுதவில்லை.

அப்பாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போனைக் கையில் கொடுத்தேன். இரண்டு, மூன்று நிமிடம் கேட்டிருப்பார். அப்பத்தா கதவைப் பற்றிப் பாடுகிற இடம் வந்ததும் அணைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். ராத்திரி சாப்பிடும்போது அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெரியப்பாவிடம் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

இந்த மாசி சிவராத்திரிக்குச் சீலை எடுக்க விளக்குத்தூண் பக்கம் கிளம்பினார். எப்போதும் மஞ்சளோ சிவப்போதான் எடுப்பார்கள். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, "யம்மா, அத்தைக்கு என்ன கலர் பிடிக்கும்?" என்று சத்தமாகக் கேட்டார், அப்பத்தாவுக்குக் காது மந்தம் இல்லையா. அவர் வாயில் அத்தை என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன்.

"கத்திரிப்பூக் கலரு" என்றது அப்பத்தா, யோசிக்காமல்.

பெட்டியில் இப்போது கத்திரிப்பூ நிறச் சீலை இருக்கிறது. பெரியப்பாவுக்கு அருள் வந்தது, வழக்கமான அதே வார்த்தைதான் சொன்னார்.

காஸ்ட் அக்கவுண்டிங் அரியர் ஒன்று பாக்கி இருக்கிறது. எழுதி முடித்ததும் யானைமலை லாடன் கோயில் பற்றி எழுதுகிறேன். உங்கள் வீட்டில் இந்த மாதிரிப் பெட்டி இருந்தால், சீலையை யார் மாற்றுகிறார்கள், யாருக்கு மாற்றுகிறார்கள் என்று அப்பத்தா அம்மாச்சி இருக்கும்போதே கேட்டு வையுங்கள். வீட்டுக்குள் கேட்காதீர்கள், திட்டு விழும்.